விடுதலை விரும்பிகளின் தேசம் – 4: பதினேழு சிப்பாய்கள்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவைச் சுற்றிலும் சோதனைச் சாவடிகள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: நீ எந்த இனம்? பதில் சொன்னால் மட்டும் போதாது. உன் பாஷையில் நாலு வார்த்தை பேசு என்பார்கள். அரசுப் படையின் சாவடியில் கியோ அல்லது மானோ மொழி பேசியவனுக்கு ஆயுசு முடிந்தது. கிளர்ச்சிக்காரர்களின் சாவடியில் க்ரான் மொழியோ மண்டிங்கோ மொழியோ பேசியவனுக்கும் அதே கதி. பழங்குடிகளுக்கு இடையிலான காலங்காலமான பகை என்று உலகம் இதற்குச் சுலபமாகப் பெயர் வைத்தது.

அந்தப் பகைக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. கியோ, மானோ மக்கள் வாழும் நிம்பாவும் க்ரான் மக்களின் கிராண்ட் கெடேயும் அக்கம்பக்கத்து மாவட்டங்கள். மொழிக் குடும்பம் வேறு, வழக்கங்கள் வேறு. காட்டு எல்லைக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஊரை இன்னொருவர் வீடு விடாமல் கொளுத்தியதில்லை. அந்த அளவுக்குப் போகும் வெறுப்பு எங்கே, யாரால், எப்படித் தயாரானது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சென்ற வாரம் 1944இல் வில்லியம் டப்மன் ஜனாதிபதியாகப் பதவியேற்றதோடு நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய கதையில் இந்த அத்தியாயத்துக்குத் தேவையானவற்றை மட்டும் நினைவுபடுத்திக்கொள்வோம்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்ற 1816இல் அங்கே ஒரு சங்கம் உருவானது. 1821 டிசம்பரில் அதன் பிரதிநிதி எலி அயர்ஸும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்டாக்டனும் மெசுராடோ முனையை உள்ளூர்த் தலைவர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். பீட்டர் என்று வெள்ளையர்கள் பெயர் சூட்டியிருந்த அரசரின் தலைக்கு நேராக ஸ்டாக்டன் கைத்துப்பாக்கியை நீட்டிய பிறகு படிந்த பேரம் அது. கொடுத்த விலை: கொஞ்சம் துப்பாக்கிகள், வெடிமருந்து, பாசிமணி, புகையிலை, ரம், குடைகள், தொப்பிகள், காலணிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 300 டாலர் பெறும்.

அந்த மண்ணில் 1847 ஜூலை 26 அன்று குடியரசு பிறந்தது. விடுதலை வேட்கை எங்களை இங்கே அழைத்து வந்தது என்பது தேசிய முத்திரையில் பொறித்த வாசகம். ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்த 16 இனங்களுக்கு அந்த வாசகத்தில் இடமில்லை. சட்டத்திலும் இல்லை. உள்நாட்டு மக்களைக் குடிமக்கள் என்று அரசு ஏற்றது 1904இல். வந்தேறிய அமெரிக்க லைபீரியர்கள் மொத்த மக்கள்தொகையில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களுடைய ட்ரூ விக் கட்சி 1878 முதல் 1980 வரை இடைவெளியே இல்லாமல் ஆண்டது. மந்திரி, நீதிபதி, தூதர், செனட்டர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சம்பந்தம் செய்துகொண்ட சில குடும்பங்கள். கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சந்திப்பார்கள், வார நாளில் ஃப்ரீமேசன் மண்டபத்தில் சந்திப்பார்கள். நாட்டின் முக்கிய முடிவுகள் அந்த இரண்டு இடங்களிலும் முடிந்துபோகும்.

காட்டுக்குள் இருந்த கிராமத்துக்காரன் இந்த அரசாங்கத்தை இரண்டு உருவங்களில்தான் பார்த்தான். ஒன்று, குடிசை வரி. இன்னொன்று, அதை வசூலிக்க வரும் எல்லைப்படைச் சிப்பாய். 1908இல் உருவான அந்தப் படையில் அதிகாரிகள் அமெரிக்க லைபீரியர்கள், சிப்பாய்கள் உள்நாட்டு இனத்தவர். சம்பளம் ஒழுங்காக வராது. அதனால் போகிற ஊரில் சிப்பாய் எடுத்துக்கொள்வதுதான் சம்பளம். கோழி, அரிசி, ஆடு, சில சமயம் பெண். லோமா இனத்துச் சிப்பாய் கியோ ஊரில் போய் அடிப்பான். உத்தரவு போட்டவர் மன்ரோவியாவில் இருப்பார், அடி வாங்கியவன் நினைவில் பதிவதோ அடித்தவனின் முகமும் மொழியும்.

இதே சிப்பாய்களை வைத்து ஆள் பிடித்து, ஸ்பானியர்களின் ஃபெர்னாண்டோ போ தீவுத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பிய விவகாரத்தைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். 1930இல் சர்வதேச சங்கத்தின் விசாரணைக் குழு அதை அம்பலப்படுத்தியது. ஜனாதிபதி சார்லஸ் கிங்கும் துணை ஜனாதிபதி ஆலன் யான்சியும் ராஜினாமா செய்தார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆள்பிடி வியாபாரத்தில் பிடிபட்டார்கள். ஆட்கள் மாறினார்கள், அமைப்பு அப்படியே நின்றது.

டப்மன் இந்த அமைப்பின் கெட்டிக்காரக் காவலர். 27 ஆண்டுகள் ஆண்டார். பழைய முறையில் இனி வண்டி ஓடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருமைப்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை அறிவித்தார். 1946இல் குடிசை வரி கட்டும் உள்நாட்டு ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1964இல் உள்நாடு முழுவதும் புதிய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. நிம்பாவும் கிராண்ட் கெடேயும் அப்போது உருவானவைதான். ஆயிரம் வருடப் பகையின் இரு முனைகளாகப் பின்னால் பேசப்பட்ட இந்த இரண்டு மாவட்டங்களும் வரைபடத்தில் ஏறியே கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது.

நிம்பா மலையில் இரும்புத்தாது கிடைத்தது. லாம்கோ நிறுவனம் மலையை வெட்டியது. ரயில் பாதை போட்டு ப்யூகானன் துறைமுகத்துக்குத் தாதுவைக் கொண்டுபோனது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926 முதலே ரப்பரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 10 லட்சம் ஏக்கர், ஏக்கருக்கு 6 சென்ட், 99 வருடக் குத்தகை. புள்ளிவிவரத்தில் நாடு பறந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு ‘முன்னேற்றமில்லாத வளர்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். பணம் வந்தது. வந்த பணம் மன்ரோவியாவின் சில தெருக்களைத் தாண்டவில்லை.

உள்நாட்டுப் பையன் மேலே வர வேண்டுமென்றால் அவனுக்கு இரண்டு வாசல்கள். அமெரிக்க லைபீரியக் குடும்பம் ஒன்றில் வளர்ப்புப் பிள்ளையாகச் சேர்ந்து, வீட்டு வேலை செய்து, அவர்கள் பெயரை ஏற்றுப் படித்து ஆளாவது ஒன்று. படிப்பு ஏறாதவனுக்குப் பட்டாளம். முதல் வாசலில் நுழைந்தவர்களின் பிள்ளைகள் 1970களில் பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் வாசலில் நுழைந்தவர்கள் தகரக் கூரை ஒழுகும் முகாம்களில் காத்திருந்தார்கள்.

*

1971இல் டப்மன் இறந்தார். இருபது வருடம் துணை ஜனாதிபதியாக இருந்த வில்லியம் டோல்பர்ட் அந்த நாற்காலிக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. உயரத் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு அரைக்கை சட்டை அணிந்தார். எதிர்க்கட்சிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தார். அதே வேளையில் சகோதரர் ஸ்டீஃபன் நிதி மந்திரி, இன்னொரு சகோதரர் ஃப்ராங்க் செனட்டின் தலைவர், மகன் ஏ.பி. டோல்பர்ட் நாடாளுமன்ற உறுப்பினர். சீர்திருத்தம் பேசிய வாயும் சொத்து சேர்த்த கையும் ஒரே குடும்பத்துடையவை.

லைபீரியா அரிசிச்சோற்று நாடு. என்ன தின்றாலும் சோறு தின்னாவிட்டால் அன்றைக்குச் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. மரவள்ளியைத் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்பார்கள். 1979இல் விவசாய மந்திரி ஃப்ளோரன்ஸ் செனோவெத், 100 பவுண்டு அரிசி மூட்டையின் விலையை 22 டாலரிலிருந்து 26 டாலராக உயர்த்த வேண்டும் என்று யோசனை சொன்னார். விலை ஏறினால்தான் விவசாயி நிலத்தில் நிற்பான், நகரத்துக்கு ஓடமாட்டான் என்பது அவர் வாதம். ஜனங்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஜனாதிபதி குடும்பத்துக்கே பெரிய நெல் பண்ணைகள் இருக்கின்றன, விலை ஏறினால் லாபம் யாருக்கு?

கேப்ரியல் பாக்கஸ் மாத்யூஸின் முற்போக்குக் கூட்டணி ஏப்ரல் 14 அன்று ஊர்வலத்துக்கு அழைத்தது. அரசு தடை போட்டது. கூட்டம் தடையை மீறியது, போலீஸ் சுட்டது, நகரத்தின் கடைகள் சூறையாடப்பட்டன. செத்தவர்கள் நாற்பது சொச்சம் என்றது அரசு, நூற்றுக்கு மேல் என்றார்கள் மற்றவர்கள். அன்றைக்கு டோல்பர்ட்டுக்கு உறைத்த விஷயம் வேறு. சொந்த நாட்டுச் சிப்பாய்கள் கூட்டத்தின் மேல் சுடத் தயங்கினார்கள். தெருவில் நின்றவர்கள் அவர்களுடைய அண்ணன் தம்பிகள். அந்த அரிசி அவர்கள் வீட்டு உலையிலும் கொதிக்க வேண்டியது. கினி நாட்டு அதிபர் செக்கு டூரேயிடம் கேட்டு அந்நியப் படையை வரவழைத்துத்தான் டோல்பர்ட் நகரத்தை அடக்கினார். தன் படையை நம்ப முடியாத ஜனாதிபதி என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. மூன்று மாதம் கழித்து ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டை மன்ரோவியாவில் ஆடம்பரமாக நடத்தி, அதன் தலைவராகவும் ஆனார்.

அடுத்த ஏப்ரலில் கதை முடிந்தது. 1980 ஏப்ரல் 12 அதிகாலையில் பதினேழு பேர் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ஒருவர்கூட அதிகாரி கிடையாது. எல்லோரும் சார்ஜென்ட், கார்ப்பரல், சிப்பாய். எல்லோரும் உள்நாட்டு இனத்தவர். டோல்பர்ட்டை மாளிகையிலேயே கொன்றார்கள். விடிந்ததும் வானொலியில் மாஸ்டர் சார்ஜென்ட் சாமுவேல் டோவின் பெயர் கேட்டது. கிராண்ட் கெடேயின் டூசான் கிராமத்து க்ரான் இளைஞர். வயது முப்பதைத் தொடவில்லை. பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை.

மன்ரோவியா தெருக்களில் அன்று ஆட்டமும் பாட்டமும். 133 வருடக் குடியரசில் முதல்முறையாக மண்ணின் மைந்தன் ஒருவன் மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் க்ரானா கியோவா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பத்தே நாளில், ஏப்ரல் 22 அன்று, பார்க்லே பயிற்சி முகாமை ஒட்டிய கடற்கரைக்குப் பத்திரிகையாளர்கள் அழைக்கப்பட்டார்கள். பழைய அரசின் 13 பெரிய மனிதர்களுக்கு மரண தண்டனை. வெளியுறவு மந்திரி செசில் டென்னிஸ், தலைமை நீதிபதி ஜேம்ஸ் பியர், சபாநாயகர் ரிச்சர்ட் ஹென்ரீஸ், ஜனாதிபதியின் சகோதரர் ஃப்ராங்க் டோல்பர்ட் எல்லோரும் அதில் அடக்கம். மணலில் நட்டிருந்த கம்பங்கள் ஒன்பது. முதல் ஒன்பது பேரைக் கட்டிவைத்துச் சுட்டார்கள். கம்பம் காலியாகும்வரை மிச்சம் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்களின் குறி அவ்வளவு சுத்தமில்லை, ஒரே வேட்டில் எல்லோரும் சாகவில்லை. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள்.

*

ஆட்சி கையில் வந்தது. எப்படி ஆள்வது?

மக்கள் மீட்பு மன்றம் என்ற பெயரில் அமர்ந்த பதினேழு பேருக்கும் தெரிந்த ஆட்சி முறை ஒன்றுதான். மாளிகை யார் கையில் இருக்கிறதோ, கருவூலம் அவர் கையில். வேலையும் ஒப்பந்தமும் தண்டனையும் அவர் கொடுப்பது. 133 வருடங்கள் அப்படித்தான் நடந்தது. அமெரிக்க லைபீரியர்களுக்கு அதை நடத்தக் கட்சியும் தேவாலயமும் மேசன் மண்டபமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் இருந்தன. டோவிடம் இவை எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது பட்டாளம். பட்டாளத்தில் அவர் முழுதாக நம்பக்கூடியவர்கள், அவர் மொழி பேசியவர்கள்.

கூட வந்தவர்களே முதல் ஆபத்து. 1981 ஆகஸ்டில் துணைத் தலைவர் தாமஸ் வே சியென்னும் மன்றத்தின் வேறு நால்வரும் சதிக் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காலியான இடங்களில் பல க்ரான்களிடம் போயின. மாளிகைக் காவல் படை முழுக்க க்ரான் மயமானது. ஒரு பதவியை உறவினனுக்குக் கொடுத்தால் மற்ற இனத்துச் சிப்பாய் முறைப்பான். அவன் முறைத்தால் பயம் கூடும். பயம் கூடினால் இன்னும் இரண்டு உறவினர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். டோவின் ஆட்சி இந்தச் சுழலில் சிக்கியது. க்ரான் மக்கள் மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஒரு சிறுபான்மையின் ஆட்சியை இறக்கிவிட்டு அதே அளவுள்ள இன்னொரு சிறுபான்மை ஏறிக்கொண்டது. முந்தைய கூட்டத்துக்குப் படிப்பும் அனுபவமும் வெளிநாட்டுத் தொடர்பும் இருந்தன. இவர்களிடம் துப்பாக்கி மட்டும்.

பதினேழு பேரில் ஜனங்களுக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. ராணுவத் தளபதி தாமஸ் குவிவோங்பா. நிம்பாக்காரர், கியோ இனம். மற்றவர்கள் மாளிகைகளுக்கும் சொகுசுக் கார்களுக்கும் தாவியபோது முகாமிலேயே தங்கியவர். ஆட்சியை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் முகாமுக்குத் திரும்பலாம் என்று சொன்னவர். டோவும் அவரும் நெருங்கிய தோழர்கள். 1983இல் அவரைத் தளபதி பதவியிலிருந்து இறக்கினார் டோ. குவிவோங்பா நாட்டைவிட்டே வெளியேறினார். அந்த நவம்பரில் அவருடைய ஆட்கள் நிம்பாவின் சுரங்க நகரமான யெகெப்பாவைத் தாக்கினார்கள். படையிலிருந்த நிம்பாக்காரர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. இரண்டு தோழர்களுக்கு இடையிலான பதவிச் சண்டை, இரண்டு மாவட்டங்களின் சண்டையாக மாறத் தொடங்கிய இடம் இது.

இவ்வளவுக்கும் அமெரிக்கா என்ன செய்துகொண்டிருந்தது? பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பனிப்போர்க் காலம். லைபீரியாவில் அமெரிக்க வானொலியின் அஞ்சல் நிலையம் இருந்தது, கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒமேகா கோபுரம் இருந்தது, ராபர்ட்ஸ்ஃபீல்ட் விமான நிலையத்தில் இறங்கும் உரிமை இருந்தது. 1980 முதல் 1985 வரை மட்டும் ஏறக்குறைய 50 கோடி டாலர் உதவி போனது. 1982இல் வெள்ளை மாளிகைக்கு வந்த விருந்தாளியை ரீகன், சேர்மன் மோ என்று பெயர் மாற்றி அறிமுகப்படுத்தினார். பெயர் முக்கியமில்லை, கோபுரம் முக்கியம்.

அமெரிக்கா கேட்டுக்கொண்டதற்காக 1985 அக்டோபர் 15 அன்று தேர்தல் நடந்தது. டோவை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜாக்சன் டோ. பெயர் ஒற்றுமை தவிர உறவு எதுவும் கிடையாது. இவர் நிம்பாவின் கியோ இனத்தவர். ஜனங்கள் வரிசையில் மணிக்கணக்கில் நின்று வாக்களித்தார்கள். ஆரம்ப எண்ணிக்கையில் ஜாக்சன் டோவே முன்னிலை என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. தேர்தல் ஆணையர் எம்மெட் ஹார்மன் எண்ணிக்கையை நிறுத்தினார். சட்டத்தில் இல்லாத 50 பேர் குழு ஒன்றை அமைத்து, பெட்டிகளை மன்ரோவியாவுக்குக் கொண்டுவந்து, மூடிய அறைக்குள் எண்ணவைத்தார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: சாமுவேல் டோ 50.9 சதவீதம். ஆப்பிரிக்காவில் பதவியில் இருப்பவர் 95 சதவீதம் என்று அறிவிப்பதுதானே வழக்கம், இவர் 51 என்கிறாரே என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி செஸ்டர் க்ராக்கர் சமாதானம் சொன்னார். திருடியவன் குறைவாகத் திருடினான் என்று பாராட்டுப் பத்திரம்.

வாக்குச்சீட்டு மூடிய கதவைத் துப்பாக்கி தட்டியது. நவம்பர் 12 அதிகாலை குவிவோங்பா சியரா லியோன் எல்லை வழியாக வந்து வானொலி நிலையத்தைப் பிடித்தார். டோ ஆட்சி ஒழிந்தது என்று அறிவித்தார். மன்ரோவியா மறுபடியும் தெருவில் ஆடியது. மாளிகை மட்டும் விழவில்லை. மதியத்துக்குள் டோவின் குரல் வானொலிக்குத் திரும்பிவிட்டது. மூன்று நாளில் குவிவோங்பாவைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். சிதைத்த உடலை ஊர் பார்க்கக் காட்சிக்கு வைத்தார்கள்.

பிறகு க்ரான் படைகள் நிம்பாவுக்குப் போயின. படையை நடத்தியவர்களில் சார்லஸ் ஜூலு என்ற பெயரை நிம்பாக்காரர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. வீடுகள் எரிந்தன. பள்ளிக்கூடம் போன பையன்களும் வயலில் நின்றவர்களும் கியோ, மானோ என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். கிராண்ட் கெடேயில் வேலை பார்த்த நிம்பாக்காரர்களுக்கும் அதே முடிவு. இறந்தவர்கள் 3,000 பேர்வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒருவர் மேலும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எல்லைப்படைக் காலத்தில் நடந்தது போலவே ஊரின் நினைவில் அடித்தவனின் மொழி பதிந்தது. இந்தத் தடவை உத்தரவு போட்டவனின் மொழியும் அதுவே.

மண்டிங்கோக்கள் இதில் எப்படிச் சிக்கினார்கள்? அவர்கள் வியாபாரிகள், முஸ்லிம்கள். நிம்பாவின் சந்தைகளிலும் லாரிப் போக்குவரத்திலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தாலும் கினியிலிருந்து வந்த அந்நியர்கள் என்றே ஊர் பார்த்தது. டோவுக்கு நிம்பாவில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். மண்டிங்கோக்களும் லைபீரியாவின் இனங்களில் ஒன்று என்று பகிரங்கமாக அங்கீகரித்தார். நியாயமான அங்கீகாரம், தவறான நேரம். ராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுப்பவர்கள் என்ற பழி அவர்கள் மேல் விழுந்தது.

*

இப்போது சார்லஸ் டெய்லர் உள்ளே வருகிறார். டோ அரசில் கொள்முதல் துறைத் தலைவராக இருந்து, சுமார் 9 லட்சம் டாலர் கையாடல் புகாரில் அமெரிக்காவுக்கு ஓடி, 1985 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறையிலிருந்து தப்பியவர். அப்பா அமெரிக்க லைபீரியர், அம்மா கோலா இனம். கியோவுக்கும் மானோவுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது.

அவருக்கு வெளியில் ஆதரவு கிடைத்த கதையும் 1980இலிருந்தே தொடங்குகிறது. டோல்பர்ட்டின் மகன் ஏ.பி. டோல்பர்ட், ஐவரி கோஸ்ட் அதிபர் ஊஃபுவே-புவான்யியின் வளர்ப்பு மகளை மணந்தவர். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒளிந்திருந்த அவரைச் சிப்பாய்கள் உள்ளே புகுந்து இழுத்துப் போனார்கள். பிறகு கொன்றார்கள். கிழவர் அதை மறக்கவில்லை. புர்கினா பாசோவின் ப்ளேஸ் கொம்பாவொரே கைகொடுத்தார், லிபியாவின் கடாஃபி பயிற்சி முகாம் கொடுத்தார். போராளிகளை நிம்பா கொடுத்தது. 1985க்குப் பிறகு எல்லை தாண்டி ஐவரி கோஸ்டில் ஒதுங்கியிருந்த குவிவோங்பாவின் ஆட்களும் அண்ணனைப் பறிகொடுத்த தம்பிகளும் டெய்லரின் படையில் சேர்ந்தார்கள்.

1989 டிசம்பர் 24 அன்று நூறு, நூற்றைம்பது பேர் எல்லை தாண்டி நிம்பாவின் புட்டுவோ என்ற ஊருக்குள் நுழைந்தார்கள். டோ என்ன செய்வார் என்பது டெய்லருக்குத் தெரியும். செய்தார். ராணுவம் மறுபடியும் நிம்பாவுக்குப் போய் மறுபடியும் ஊர்களைக் கொளுத்தியது. சில மாதங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கினிக்கும் ஐவரி கோஸ்டுக்கும் ஓடினார்கள். ஓடாதவர்கள் டெய்லரிடம் போய்த் துப்பாக்கி கேட்டார்கள். நூறு பேர் ஆயிரங்களானார்கள். அவர்கள் கிராண்ட் கெடேயை அடைந்தபோது எந்த க்ரான் டோவுக்கு ஆதரவு, எந்த க்ரான் வெறும் விவசாயி என்று பிரித்துப் பார்க்கவில்லை.

லைபீரியப் போரை இனப்போர் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கொன்றவர்கள் இனம் பார்த்துத்தான் கொன்றார்கள். ஆனால் இனம் அந்தப் போரைத் தொடங்கவில்லை. மாளிகையைப் பிடித்தவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், இழந்தவனுக்கு உயிர்கூட மிஞ்சாது என்ற அரசு அமைப்பு அதைத் தொடங்கியது. அந்த அமைப்பைக் கட்டியவர்கள் கப்பலில் வந்தவர்கள். உடைக்கும் வாய்ப்பு கையில் கிடைத்தும் அதிலேயே குடியேறிக்கொண்டவர் சாமுவேல் டோ. அதன் விலையை 1985இலும் 1990இலும் கொடுத்தவர்கள், மாளிகையை ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்த்திராத கியோ, மானோ, க்ரான், மண்டிங்கோ கிராமத்துக்காரர்கள்.

டெய்லரின் படை ஏழே மாதத்தில் மன்ரோவியாவின் வாசலுக்கு வந்து, வந்த வேகத்தில் இரண்டாக உடைந்தது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)